டேட்டாவைக் குடித்தது யார்? வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டருக்கு மடை கட்டிய கதை!

திருமலைராயன்பட்டினம் என்றதும் தமிழ் படித்தவர்களுக்குக் காளமேகப் புலவர் ஞாபகம் வரும். அரசவைப் புலவர் அதிமதுரகவியோடு மோதி, எமகண்டம் பாடி ஜெயித்தும் மரியாதை கிடைக்காத கோபத்தில், ஊர் மீது மண்மாரி பொழியட்டும் என்று சாபமிட்டதாக எங்கள் ஊரில் சொல்வார்கள். கடந்த ஆண்டு எங்கள் வீட்டில் நடந்ததைப் பார்த்து, ‘அந்தச் சாபத்தில் இன்டர்நெட்டும் சேர்த்தியோ!’ என்று தம்பி நொந்துகொண்டான்.

நடந்தது இதுதான். பிளஸ் டூ முடித்த தம்பிக்கு சென்டாக் விண்ணப்பம் போட வேண்டும். புதுச்சேரி மாநிலத்துப் பிள்ளைகள் கல்லூரி சீட்டுக்கு நம்பியிருக்கும் வாசல் அது. ‘சாதிச் சான்றிதழ் வரட்டும், குடியிருப்புச் சான்றிதழ் வரட்டும்’ என்று தள்ளிப் போட்டுக் கடைசி நாளில் உட்கார்ந்தோம். சென்னையிலிருந்து நான் லீவில் வந்திருந்தேன். என் லினக்ஸ் லேப்டாப், அப்பா போனின் ஹாட்ஸ்பாட், ஒரு நாளைக்கு 1.5 ஜிபி. சான்றிதழை அப்லோடு செய்யப் போனால் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்றைய டேட்டா முழுவதும் தீர்ந்துவிட்டது என்று போனில் மெசேஜ். மணி மாலை 5 கூட ஆகவில்லை. யாரும் படம் பார்க்கவில்லை, பாட்டு கேட்கவில்லை.

‘கூடுதலா 1 ஜிபி போட்டுக்கலாம்’ என்று அப்பா ரீசார்ஜ் செய்தார். மூன்றாவது சான்றிதழை ஸ்கேன் செய்து முடிப்பதற்குள், ஏறக்குறைய கால் மணி நேரத்தில், அதுவும் காலி!

தம்பி அழாத குறை. சான்றிதழ்களை பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு காரைக்காலுக்கு பஸ் பிடித்தோம். பாரதியார் சாலைப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்ட நேரத்தில் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது. இரவு வீட்டுக்கு வந்ததும் தாத்தா கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே காரணம்.

“தண்ணி எங்க போவுதுன்னு பாக்காம, மேலும் மேலும் மோட்டாரப் போட்டா எப்புடி பாப்பா? மொதல்ல மடை எங்க ஒடஞ்சிருக்குன்னு பாக்க வேணாமா?”

தாத்தா கடைமடை விவசாயி. காரைக்கால் காவிரியின் கடைக்கோடி. 2007-ல் நடுவர் மன்ற இறுதித் தீர்ப்பும், 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டிஎம்சி. தமிழ்நாட்டுக்கு 404.25, கர்நாடகாவுக்கு 284.75 என்று பேசும் இடத்தில் நம் பங்கு அவ்வளவுதான். அளந்து வரும் தண்ணீரை அளந்து செலவழித்துப் பழகியவர்களுக்கு, 1.5 ஜிபியை அளக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

பழைய லேப்டாப், புது லினக்ஸ்

முதலில், எங்கள் வீட்டுக்குள் லினக்ஸ் வந்த கதை. வாஞ்சூர் தாண்டினால் தமிழ்நாடு. நாகூரில் இருக்கும் அத்தை மகளுக்குப் பள்ளியில் விலையில்லா மடிக்கணினி கிடைத்தது. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய திட்டம் அது. அந்த மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு, ‘பாஸ்’ என்ற இந்திய லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கியது. ஆன் செய்ததும், ‘விண்டோஸா, பாஸா?’ என்று கேட்கும். முக்கால்வாசிப் பேர் பாஸ் பக்கம் போகவே இல்லை. அத்தை மகள் போனாள். அவளிடம்தான் நான் லினக்ஸ் பழகினேன்.

இப்போது நிறைய வீடுகள் அந்தப் பக்கம் திரும்புகின்றன. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11-ஐத் தாங்காத பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாதவர்கள், லினக்ஸ் மின்ட், உபுண்டு என்று ஏதாவது ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். வேகமாக ஓடுகிறது, காசும் கிடையாது. ஆனால், இன்டர்நெட் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல். ஃபைபர் இணைப்பு இருந்தால் கவலையில்லை. எங்களைப் போல ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்களுக்கு, கம்ப்யூட்டர் எப்போது, எதற்காக டேட்டாவை எடுக்கிறது என்று தெரியாவிட்டால் கதை கந்தல்தான்.

முதலில் கணக்கு!

டேட்டாவில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வேகத்தை ‘பிட்’டில் சொல்வார்கள், அளவை ‘பைட்’டில் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். ஆகவே, 1 எம்பிபிஎஸ் வேகம் என்றால் நொடிக்கு 1 எம்பி வராது. 125 கேபிதான் வரும்.

இதை வைத்துப் போட்டுப் பாருங்கள். 20 எம்பிபிஎஸ் வேகத்தில் முழு வீச்சில் இறங்கினால், 1.5 ஜிபி காலியாக 10 நிமிடம் போதும். அதே டேட்டா 1 எம்பிபிஎஸ் வேகத்தில் சுமார் 3 மணி நேரம் 20 நிமிடம் வரும். தினசரி அளவு முடிந்த பிறகு பல ப்ரீபெய்டு திட்டங்களில் வேகம் 64 கேபிபிஎஸ் ஆகக் குறையும். அதாவது நொடிக்கு 8 கேபி. 3 எம்பி சான்றிதழ் ஒன்றை அனுப்ப 6 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எதிர்ப்பக்கத்து வெப்சைட், ‘நேரம் முடிந்தது’ என்று கதவைச் சாத்திவிடும். அன்று எங்களுக்கு நடந்தது அதுதான்.

இன்னொன்று, பலருக்கு உறைக்காதது. நாம் இறக்குவது மட்டுமல்ல, அனுப்புவதும் தினசரி டேட்டாவில்தான் கழியும்.

உளவாளி 1: விஎன்ஸ்டாட்

மறுநாள் காலை முதல் வேலையாக ‘விஎன்ஸ்டாட்’ என்ற மென்பொருளைப் போட்டேன். ஃபின்லாந்தைச் சேர்ந்த டெமு டோய்வோலா என்பவர் உருவாக்கி, இருபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பராமரித்துவரும் இலவச மென்பொருள். சாஃப்ட்வேர் மேனேஜரில் பெயரைத் தேடினாலே கிடைக்கும்.

வீட்டு வாசலில் இருக்கும் கரன்ட் மீட்டர் மாதிரிதான் இதன் வேலை. நாம் என்ன பார்க்கிறோம், யாரோடு பேசுகிறோம் என்று எட்டிப் பார்க்காது. லினக்ஸ் தானே வைத்திருக்கும் போக்குவரத்துக் கணக்கை அவ்வப்போது படித்து எழுதி வைத்துக்கொள்ளும். அதனால், பழைய லேப்டாப்புக்கும் பாரமில்லை. டெர்மினலைத் திறந்து அதன் பெயரை அடித்து, இடைவெளி விட்டு ஒரு சிறு கோடும் ‘டி’ என்ற சிறிய ஆங்கில எழுத்தும் போட்டால் நாள் கணக்கு. ‘எச்’ போட்டால் மணி கணக்கு. ‘எம்’ போட்டால் மாதக் கணக்கு. வந்தது எவ்வளவு, போனது எவ்வளவு என்று தனித்தனியாகக் காட்டும். போட்ட உடனே காட்டவில்லையே என்று பதற வேண்டாம். சில நிமிடங்கள் கணக்கு சேர வேண்டும்.

அன்று மதியம் மணி கணக்கைப் பார்த்தால் ஆச்சர்யம்! வந்தது சொற்பம். போனதுதான் எக்கச்சக்கம். வீட்டிலிருந்து யாரோ எதையோ அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள்.

டெர்மினல் பயமாக இருக்கிறதா? மெனுவில் ‘சிஸ்டம் மானிட்டர்’ இருக்கும். அதில் ரிசோர்சஸ் பக்கத்தைத் திறந்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்ததிலிருந்து எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கீழே காட்டும். ஆஃப் செய்தால் கணக்கு மறந்துபோகும் என்பதுதான் குறை.

உளவாளி 2: நெட்ஹாக்ஸ்

மீட்டர் மொத்தக் கணக்குதான் சொல்லும். ஃப்ரிட்ஜா, ஏசியா என்று சொல்லாது. அதற்கு ‘நெட்ஹாக்ஸ்’. எந்த புரோகிராம் இந்த நொடியில் எவ்வளவு டேட்டாவை எடுக்கிறது என்று பெயர் போட்டு வரிசைப்படுத்திக் காட்டிவிடும். மற்ற புரோகிராம்களை வேவு பார்ப்பதால், அட்மின் பாஸ்வேர்டு கொடுத்துத்தான் இயக்க வேண்டும். ஓடும்போதே ‘எம்’ எழுத்தைத் தட்டினால், வேகத்துக்குப் பதிலாக மொத்த அளவைக் காட்டும்.

இரண்டே நிமிடத்தில் திருடன் சிக்கினான். திருடன் வேறு யாருமல்ல, நான்தான்!

அக்கா கல்யாண போட்டோக்களை லேப்டாப்பில் காப்பி செய்து, ‘பத்திரமாக இருக்கட்டும்’ என்று கிளவுட் பேக்கப் ஃபோல்டரில் போட்டிருந்தேன். மொத்தம் 14 ஜிபி. சென்னையில் என் அறையில் வைஃபை இருந்ததால் இதுவரை அது பிரச்னையாகத் தெரியவே இல்லை. ஊருக்கு வந்து ஹாட்ஸ்பாட்டில் இணைந்ததும், பேக்கப் புரோகிராம் பசியோடு வேலையை ஆரம்பித்துவிட்டது. அப்பா ரீசார்ஜ் செய்த 1 ஜிபியையும் அதுதான் விழுங்கியது. 8 எம்பிபிஎஸ் வேகத்தில் அனுப்பினால் 1 ஜிபி போக சுமார் 17 நிமிடம். அந்தக் ‘கால் மணி நேர’க் கணக்கு அச்சாகப் பொருந்தியது.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. “கல்யாண போட்டோதானே, போனா போவுது. ஆனா தம்பி சீட்டு போயிருந்தா?” என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மடை 1: ‘இது அளவுக் கணக்கு இணைப்பு!’

கண்டுபிடித்தாயிற்று. இனி அடைக்க வேண்டும். எளிதான வழியிலிருந்து தொடங்குவோம்.

லினக்ஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ என்ற ஒரு குறிப்பு உண்டு. ‘இந்த நெட் அளந்து வருவது, பார்த்துச் செலவு செய்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. நெட்வொர்க் செட்டிங்கில் உங்கள் ஹாட்ஸ்பாட் பெயரைத் திறந்து, இதை ‘ஆம்’ என்று மாற்றினால் போதும். ஆண்ட்ராய்டு ஹாட்ஸ்பாட் என்றால் சில நேரம் தானே ஊகித்துக்கொள்ளும். ஆனாலும், நாமே ஒருமுறை போட்டுவிடுவது நல்லது. உபுண்டு பயன்படுத்துபவர்கள் கவனிக்க வேண்டியது, ‘ஸ்னாப்’ வகை ஆப்கள் தாமாகவே நாளில் பலமுறை அப்டேட் தேடும். மீட்டர்டு இணைப்பில் அதை நிறுத்திவைக்கும் செட்டிங் தனியாக உண்டு. அதையும் ஆன் செய்யுங்கள்.

இந்தக் குறிப்பு ஒரு வேண்டுகோள்தான், பூட்டு அல்ல. மதிக்கிற புரோகிராம் மதிக்கும். மதிக்காதது தன் போக்கில் போகும். அதனால், கிளவுட் பேக்கப், டோரன்ட் போன்றவற்றின் செட்டிங்கிலேயே வேக வரம்பு இருக்கிறதா என்று தேடிப் போட்டுவிடுங்கள். பெரும்பாலும் இருக்கும்.

மடை 2: மொத்த வீட்டுக்கும் ஷட்டர்

நெதர்லாந்தைச் சேர்ந்த பெர்ட் ஹூபெர்ட் எழுதிய ‘வொண்டர்ஷேப்பர்’ பெயருக்கேற்ற வேலையைச் செய்யும். எந்த இணைப்பு, இறங்கும் வேகம் எவ்வளவு, ஏறும் வேகம் எவ்வளவு என்று சொன்னால் போதும், அதற்கு மேல் விடாது. அளவை கிலோபிட்டில் கொடுக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். 2 எம்பிபிஎஸ் வேண்டுமென்றால் 2000. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்தால் வரம்பு போய்விடும். மறுபடி போட வேண்டும்.

உள்ளே இது நம்பியிருப்பது லினக்ஸ் கெர்னலில் இருக்கும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வசதியைத்தான். அதில் அடிப்படையான முறைகளில் ஒன்று ‘டோக்கன் வாளி’. வாளியில் சீரான வேகத்தில் டோக்கன் விழுந்துகொண்டிருக்கும். டோக்கன் எடுத்த பாக்கெட்தான் வெளியே போகலாம். வாளி காலியென்றால் காத்திருக்க வேண்டும். முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரியேதான்.

வெளியே போவதைக் கட்டுப்படுத்துவது சுலபம். மதகு நம் கையில். உள்ளே வருவதைக் கட்டுப்படுத்துவது அவ்வளவு சுலபமில்லை. கடைமடையில் இருந்துகொண்டு மேட்டூர் அணையை மூட முடியாது அல்லவா? அதனால் லினக்ஸ் ஒரு தந்திரம் செய்கிறது. வரம்புக்கு மேல் வரும் சில பாக்கெட்டுகளை வேண்டுமென்றே கைவிட்டுவிடும். ‘சேர்ந்தது’ என்ற ரசீது வராததைப் பார்த்து, அனுப்புகிற சர்வர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

ஒரே ஒரு புரோகிராமை மட்டும் அடக்க ‘டிரிக்கிள்’ என்று ஒன்று இருக்கிறது. ஆனால், அது எல்லா புரோகிராம்களிடமும் பலிக்காது. அப்டேட் இறக்கும் ‘ஆப்ட்’டுக்குத் தனி வேக வரம்பு செட்டிங் உண்டு. ஃபைல் இறக்கும் ‘டபிள்யூகெட்’டிலும் உண்டு.

வேகத்தைக் குறைத்தால் டேட்டா மிச்சமாகுமா?

இங்கேதான் நானும் முதலில் ஏமாந்தேன். வேக வரம்பு என்பது அளவு வரம்பு அல்ல. 14 ஜிபி போட்டோவை மெதுவாக அனுப்பினாலும் 14 ஜிபிதான் போகும். ஒரே நாளில் போவது பல நாள் போகும், அவ்வளவுதான்.

வீடியோவில் மட்டும் நிஜமாகவே மிச்சமாகும். வேகம் குறைவு என்று தெரிந்தால் யூடியூப் போன்றவை தரத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அதனால், ஒரு மணி நேரப் பாடத்துக்கு ஆகும் டேட்டாவும் குறையும். 1 எம்பிபிஎஸ் வரம்பு போட்டால் ஒரு மணி நேரத்துக்கு அதிகபட்சம் 450 எம்பிதான் போக முடியும். பாடம் கேட்க அது தாராளம்.

அளவையே கட்டுப்படுத்த வேண்டுமென்றால் இரண்டு வழி. விஎன்ஸ்டாட்டின் புதிய பதிப்புகளில், குறிப்பிட்ட அளவைத் தாண்டியதைச் சொல்லும் எச்சரிக்கை வசதி இருக்கிறது. இன்னும் கறாராக வேண்டுமென்றால், லினக்ஸ் ஃபயர்வாலில் ‘கோட்டா’ விதி எழுதி, அளவு முடிந்ததும் இணைப்பையே நிறுத்தலாம். முதலாவது நம்மால் முடியும். இரண்டாவதற்கு விஷயம் தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் இருக்கும் வீட்டுக்கும் இது தேவை!

‘எங்கள் வீட்டில் அன்லிமிடெட், எங்களுக்கு எதற்கு?’ என்பவர்களுக்கு ஒரு அமெரிக்கக் கதை. ஜிம் கெட்டிஸ் என்ற கம்ப்யூட்டர் வல்லுநரின் வீட்டில், நெட் மெதுவாக இருக்கிறது என்று குழந்தைகள் புகார் சொல்வது வழக்கம். 2010-ல் அவர் வீட்டிலிருந்து பெரிய ஃபைலை அனுப்பும்போது கவனித்தார். வேகம் இருக்கிறது, ஆனால், ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு எகிறுகிறது. மோடமும் ரவுட்டரும் அளவுக்கு மீறிப் பாக்கெட்டுகளைத் தேக்கி வைப்பதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார். ‘பஃபர்ப்ளோட்’ என்று அதற்குப் பெயர்.

வாத்தியார் குரல் விட்டு விட்டுக் கேட்பது, வீடியோ காலில் முகம் உறைந்துபோவது எல்லாம் பல நேரம் இதனால்தான். யாரோ ஒருவர் போட்டோ பேக்கப் செய்துகொண்டிருப்பார். வரிசையில் அவருடைய லாரிகளுக்குப் பின்னால் உங்கள் சைக்கிள் நிற்கும். 2012-ல் கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் ‘கோடல்’ என்ற தீர்வை வெளியிட்டார்கள். அதே ஆண்டு அது லினக்ஸுக்குள் வந்தது. 2018-ல் ‘கேக்’ என்ற இன்னும் மேம்பட்ட முறை சேர்ந்தது. லாரியையும் சைக்கிளையும் தனித்தனி வரிசையில் நிறுத்தி, மாற்றி மாற்றி விடுவதுதான் சூட்சுமம். வரம்பை உங்கள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் குறைத்து வைத்தால், தேக்கம் மோடத்தில் நடக்காமல் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். வொண்டர்ஷேப்பரின் அடிப்படையும் இதுதான்.

வீட்டில் ஒட்டிவைக்க 5 குறிப்புகள்

1. முதலில் மூன்று நாள் அளந்து பாருங்கள். அதன் பிறகு அடையுங்கள்.

2. பேக்கப்பை ஹாட்ஸ்பாட்டில் ஓட்டாதீர்கள். வைஃபை கிடைக்கும் இடத்தில் மட்டும் ஆன் செய்யுங்கள்.

3. அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள். பாதுகாப்புக்கு அது அவசியம். தினசரி டேட்டா நள்ளிரவில் புதுப்பிக்கப்படும் திட்டமென்றால், இரவு 11 மணிக்கு மிச்சம் பார்த்து அதில் அப்டேட் செய்யுங்கள். எப்படியும் வீணாகப் போகிற டேட்டாதான்.

4. பிரவுசரில் வீடியோ தானாக ஓடுவதை நிறுத்துங்கள். பாட வீடியோவுக்கு 360 அல்லது 480 தரம் போதும்.

5. முக்கியமான விண்ணப்பம் போடும் நாளில், காலையிலேயே உட்காருங்கள். இதற்கு எந்த மென்பொருளும் மாற்று இல்லை!

தம்பிக்குக் காரைக்காலிலேயே சீட் கிடைத்துவிட்டது. இப்போது அந்த லேப்டாப் அவனிடம்தான். மாதக் கணக்கை எடுத்து வைத்துக்கொண்டு, ‘அக்கா, நீ ஊருக்கு வந்த ரெண்டு நாள்லதான் கிராஃப் எகிறுது’ என்று வாட்ஸ்அப்பில் வம்பிழுக்கிறான். கல்யாண போட்டோ 14 ஜிபியும் சென்னை வைஃபையில் ஒரே இரவில் பத்திரமாக ஏறிவிட்டது.

போன மாதம் ஊருக்குப் போனபோது, நெட்ஹாக்ஸ் திரையைத் தாத்தாவிடம் காட்டினேன். எந்த வாய்க்காலில் எவ்வளவு போகிறது என்று விளக்கினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

“இத மாதிரி ஒண்ணு காவிரிக்கு இருந்தா நல்லா இருக்குமே பாப்பா” என்றார்.